நீ தந்த பிற்பகல்களும் ஒரு சூடான குழாயும்

கதிருக்கு,

என்னை இதை எழுத வைத்தவன் உன் கூட்டாளி ஹக்கீம். போன ஞாயிற்றுக்கிழமை மீராவின் கல்யாணப் புடவைக்கு ஏற்ற வளையல் பார்க்கலாம் என்று அப்பாவும் நானும் தேக்காவுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் நடக்க முடியாமல் அப்பா உட்கார இடம் தேடிச் சாப்பாட்டு அங்காடிக்குள் போய்விட்டார். நான் சிராங்கூன் சாலையில் ஒரு கடை வாசலில் நின்று வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹக்கீம் வந்து நின்றான். தாடி வைத்திருக்கிறான், தோளில் அவன் மகள். முதலில் அடையாளமே தெரியவில்லை. உன் கல்யாணத்துக்குப் பாலிடெக்னிக் காற்பந்துக் குழுவில் இருந்த எல்லாரும் வருவதாகச் சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: “கதிர் மட்டும் அந்த வருஷம் டீம்ல இருந்திருந்தா நாங்க பைனல்ல தோத்திருக்க மாட்டோம் ஆன்ட்டி. கோச் ரொம்ப நாள் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஆனா அப்பாவை கவனிக்கணும்னு சொல்லிட்டான், நாங்க என்ன சொல்ல முடியும் லா.” எனக்கு இது முன்பே தெரியும் என்று நினைத்துத்தான் பேசினான். நானும் தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

அங்காடிக்குள் போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் தெரியாது. டாக்டர் அவருக்கு அனுமதித்த பாதி டம்ளர் கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, “போர் அடிச்சிருச்சுன்னுதானே நம்மகிட்ட சொன்னான்,” என்றார். ஆமாம், அப்படித்தான் சொன்னாய். நானும் நம்பினேன். இனிமேல் சேறு படிந்த காலணிகளை வாசலில் தாண்டி நடக்க வேண்டாம் என்று கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் உனக்குப் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாய். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நன்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது ஒரு வரியில் முடிந்துவிடும். நீ விட்டுக்கொடுத்த அந்தப் பிற்பகல்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மீராவின் வீட்டில் அவளுடைய அப்பா உன்னிடம், உங்க அம்மா என்ன வேலை பார்த்தாங்க என்று கேட்டபோது, ஜூரோங்கில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் இருந்தாங்க என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டாய். அதற்குமேல் சொல்ல உன்னிடம் ஒன்றும் இல்லை. வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருகிற வழக்கம் எனக்கு. உனக்கும் அதே வழக்கம்தான் வந்திருக்கிறது.

எங்கள் தொழிற்சாலை பெரியது அல்ல. பூன் லேயில் கம்பெனி பஸ் ஏறினால் நான் பசியாறிய ரொட்டியின் சூடு வயிற்றில் ஆறுவதற்குள் வாசல் வந்துவிடும். சோயா எண்ணெயோடு இரண்டு ரசாயனங்களைச் சேர்த்து, பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கும் வேறொரு எண்ணெயாக மாற்றுவது எங்கள் தொழில். சமையலறையில் இருக்கும் ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திருப்பிப் பார். ஓரத்தில் மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். அந்த மாதிரி வளையங்களுக்குள் போவதுதான் எங்கள் சரக்கு. சோயா எண்ணெய் அப்படி மாறும்போது நிறையச் சூடு பிறக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்த்தால் பொங்கி வெளியே வந்துவிடும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். எங்களிடம் இரண்டு மாடி உயரத்தில் ஒரு கலன் இருந்தது. உள்ளே பெரிய துடுப்பு சுற்றும், சுவரைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும். நடுவில் பிறக்கிற சூடு அந்தச் சுவர்வரை போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால் ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட முடியும். காலை ஷிப்டில் தொடங்கியதை அடுத்த ஷிப்ட்காரர்கள் முடிப்பார்கள்.

இதில் ஒரு கூத்து இருந்தது. அந்தக் குளிர்ந்த நீருக்காக ஒரு குளிரூட்டும் இயந்திரம் நாள் முழுக்க மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன் எரிவாயுவை எரித்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் கலனுக்குள் போகிற எண்ணெயைச் சூடாக்க வேண்டும், முடிந்த சரக்கைக் கழுவுகிற தண்ணீரையும் சூடாக்க வேண்டும். ஆக ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டும் மறுபக்கம் காசு கொடுத்துச் சூட்டை உண்டாக்கிக்கொண்டும் இருந்தோம். தள்ளுகிற சூட்டையே எடுத்துப் பயன்படுத்தலாமே என்று நீ கேட்பாய். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். பெரிய கலனின் சுவர் அதற்குள் பிறக்கிற சூட்டுக்குப் போதாது. ஆகவே தண்ணீர் மிகக் குளிர்ந்து இருந்தால்தான் சமாளிக்க முடியும். அது வெளியே வரும்போது வெதுவெதுப்பாகத்தான் வரும். அந்த வெதுவெதுப்பை வைத்துக்கொண்டு எதையும் சூடாக்க முடியாது. இதைக் கேட்டுக்கொண்டபின் எனக்கும் பழகிவிட்டது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த டாக்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகத் தொடங்கிய வருடம் உனக்கு நினைவிருக்கும். செவ்வாய், வியாழன், சனி. நான் காலை ஷிப்டை மட்டும் வாங்கிக்கொண்டு, மதியம் ஓடிவந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். அதே சமயத்தில்தான் வெளிநாட்டில் இருந்த தலைமை அலுவலகம், சிங்கப்பூர்ப் பிரிவின் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கட்டி மாளவில்லை, மூடிவிடலாமா என்று யோசிப்பதாகப் பேச்சு வந்தது. கேன்டீனில் எல்லாரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். என் வயதில் இருந்தவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைப்பது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் மேலாளர் திரு லிம் என்னையும் ஃபரிதாவையும் தன் அறைக்கு அழைத்தார். ஃபரிதாவை உனக்குத் தெரியும், நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் கறி கொடுத்தனுப்புவாரே, அவர்தான். என்னைவிடப் பத்து வயது இளைய இன்ஜினியர். திரு லிம் ஒரு படத்தைக் காட்டினார். ரசாயன மாற்றம் நடக்கிற கலனையும் சூட்டை எடுக்கிற சாதனத்தையும் தனித்தனியாக வைக்காமல் ஒன்றாகவே செய்திருந்தார்கள். மெல்லிய உலோகத் தட்டுகளை அடுக்கித் திருகிப் பூட்டியிருக்கும். ஒரு இடைவெளியில் எங்கள் எண்ணெயும் ரசாயனமும் ஓடும், அடுத்த இடைவெளியில் தண்ணீர் ஓடும், மறுபடியும் எண்ணெய், மறுபடியும் தண்ணீர். சூடு பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சுவர் இருப்பதால் அது உடனே தண்ணீருக்குள் போய்விடும். ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டியதில்லை. தண்ணீரும் அவ்வளவு குளிர்ந்து இருக்க வேண்டியதில்லை, ஆகவே அது வெளியே வரும்போது நல்ல சூடாகவே வரும். அந்தச் சூட்டை எண்ணெய்த் தொட்டிக்கும் கழுவுகிற தண்ணீருக்கும் திருப்பிவிடலாம். குளிரூட்டும் இயந்திரமும் கொதிகலனும் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்கலாம். இதைச் சிறிய அளவில் ஓட்டிக் காட்டினால் தலைமை அலுவலகம் மனம் மாறலாம், நீங்கள் இருவரும் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும், சில மாதங்களுக்கு மாலைவரை இருக்க வேண்டியிருக்கும் என்றார்.

என்னால் முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அப்பாவின் நிலைமை அவருக்குத் தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது இப்படி ஒரு வேலை வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாய்.

“சனிக்கிழமை நீங்க வீட்ல இருப்பீங்க. செவ்வாயும் வியாழனும் எனக்கு மதியத்தோட கிளாஸ் முடிஞ்சிரும். அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்.”

“அன்னிக்குத்தானே உனக்கு ஃபுட்பால்?”

“அது போர் அடிச்சிருச்சும்மா. நீங்க அந்த வேலையை எடுங்க.”

அப்பா உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. நீ இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டாய். மறுநாள் காலை திரு லிம்மிடம் போய், செய்கிறேன் என்று சொன்னேன். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. பல வருடங்களாக ஒரே கலனின் சூட்டைப் பார்த்து, ஒரே வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவளுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு வந்திருந்தது.

சாதனம் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. இரண்டு மாடிக் கலனுக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். முதல் தடவை ஓட்டியபோது தண்ணீர் சூடாக வரத் தொடங்கியது, எங்களுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அதற்குள் அழுத்தம் ஏறிவிட்டது. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிறுத்தி, குளிரவிட்டு, தட்டுகளைக் கழற்றிப் பார்த்தோம். பலாப்பழப் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபரிதாவும் நானும் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டாகச் சுரண்டினோம். இரண்டாம் தடவை அதைவிட மோசம். பெரிய கலனில் இந்தப் பிசின் கொஞ்சம் உண்டானாலும் துடுப்பு அடித்துக் கலக்கிவிடும், யாருக்கும் தெரியாது. இங்கே இடைவெளி ஒரு நாணயத்தின் கனம்தான். கொஞ்சம் உண்டானாலே வழி மூடிவிடும். தலைமை அலுவலகத்து ஆட்கள் வரப்போகிறார்கள், அதற்குள் ஒருமுறையாவது ஒழுங்காக ஓட வேண்டும் என்று திரு லிம் சொன்னார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன். நீயும் அப்பாவும் எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தீர்கள். அப்பாவின் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற அந்த ஃபில்டரைப் பற்றி நீ தாதியிடம் விசாரித்திருந்தாய். சுத்திகரிப்பு முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை. உள்ளே முடி மாதிரி மெல்லிய குழாய்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன, குழாய்க்குள் இரத்தம் ஒரு பக்கமாகப் போகிறது, வெளியே தண்ணீர் எதிர்ப்பக்கமாகப் போகிறது என்று நீ எனக்கு விளக்கினாய். எங்கள் சாதனமும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று நான் சொன்னேன். அவ்வளவு மெல்லிய குழாய் எப்படி அடைக்காமல் இருக்கிறது என்று கேட்டேன். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள் என்றாய். பிறகு நீ சொன்னதை நான் இன்றுவரை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்.

“முடிஞ்ச உடனே மெஷினை ஆஃப் பண்ணிட மாட்டாங்கம்மா. உப்புத்தண்ணி விட்டு இரத்தம் எல்லாத்தையும் அப்பா உடம்புக்கே தள்ளிடுவாங்க. உள்ளயே நின்னா உறைஞ்சிருமாம்.”

ரசம் சாதத்தில் என் கை நின்றுவிட்டது. நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வேலை முடிந்ததும் பம்புகளை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். சூடான எண்ணெயும் ரசாயனமும் அந்தச் சின்ன இடைவெளிகளில் அப்படியே நின்றுகொண்டிருக்கும். மறுநாள் ஃபரிதாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நிறுத்துவதற்கு முன்னால் வெறும் எண்ணெயை மட்டும் இளஞ்சூட்டில் விட்டு உள்ளே இருப்பதை முழுக்க வெளியே தள்ளிவிடலாம் என்றார். அப்படிச் செய்த பிறகு நிறுத்தித் தொடங்கும்போது வந்த அடைப்பு போய்விட்டது.

ஆனாலும் பாதிதான் தீர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் மெதுவாக ஏறியது. மறுபடி தட்டுகளைக் கழற்றி, இந்தத் தடவை சுரண்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். எண்ணெய் நுழைகிற பக்கத்தில் முதல் ஒரு சாண் நீளத்தில் மட்டும் பிசின். மீதி இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. ரசாயனம் முழுவதையும் நாங்கள் வாசலிலேயே கொடுத்துக்கொண்டிருந்தோம், ஆகவே சூடும் முழுக்க வாசலிலேயே பிறந்திருக்கிறது. ஃபரிதா தரையில் குந்தியபடியே, ஏன் ஒரே வாசலில் கொடுக்க வேண்டும், வழிநெடுக அங்கங்கே ஓட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாமே என்றார். தட்டுகளைச் செய்து தந்தவர்களிடம் சொல்லி அப்படியே புதிதாகச் செய்து வாங்கினோம். அது வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தலைமை அலுவலகத்து ஆட்கள் முதலில் வந்து சேர்ந்துவிடுவார்களோ என்று பயம்.

அவர்கள் வந்த நாளும் வியாழக்கிழமைதான். காலையில் தொடங்கினோம். அழுத்தம் அசையவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு முக்கியமான கட்டம். வெளியே வருகிற சூடான தண்ணீரை எண்ணெய்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, கொதிகலனிலிருந்து வருகிற ஆவியை மூட வேண்டும். மூடிய பிறகும் தொட்டி சூடாகவே இருந்தால் நாங்கள் ஜெயித்தோம். திரு லிம் விருந்தினர்களோடு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், கட்டுப்பாட்டு அறைக்கு உன்னிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அம்மா, வாங்க.”

அவ்வளவுதான் சொன்னாய். என்னவென்று கேட்டதற்குப் பிறகுதான் மீதியைச் சொன்னாய். “அப்பாவுக்கு பிரஷர் ரொம்ப இறங்கிருச்சு. ஆம்புலன்ஸ் வருது. எனக்குப் பயமா இருக்கு.”

என் கையில் இருந்த வாக்கி டாக்கியை ஃபரிதா வாங்கிக்கொண்டார். நீங்கள் போங்கள், இனிச் செய்ய வேண்டியது எல்லாம் நாம் சேர்ந்து முடிவு செய்ததுதானே, நான் ஓட்டுகிறேன் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு ஓடினேன். திரு லிம் எப்படித் தெரிந்துகொண்டாரோ, வாசலில் அவர் கார் தயாராக நின்றது. அந்த இருவரையும் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம் இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்கு வெளியே நீ நின்றுகொண்டிருந்தாய். அப்பாவின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு அணைத்து வைத்திருந்தாய். என்னைவிட ஒரு தலை உயரமானவன், குனிந்து என் தோளில் சாய்ந்துகொண்டாய். உடம்பிலிருந்து நீரை வேகமாக எடுத்ததால் அழுத்தம் இறங்கிவிட்டது, இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்று இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உன் கை அந்தப் பையைத் தளர விட்டது. நாம் உள்ளே போனதும் அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, “மெஷின் ஓடுதா?”

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே அந்த ஒரு மணி நேரம் அதை மறந்தே போயிருந்தேன். கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது ஃபரிதாவிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஆவியை மூடிவிட்டோம், தொட்டி நம் தண்ணீராலேயே சூடாக இருக்கிறது, குழாயில் கை வைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை, உங்கள் கணவர் எப்படி இருக்கிறார் என்று எழுதியிருந்தார். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். அப்பா, “அப்ப நல்லது,” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து நீ தண்ணீர் வாங்கிவரப் போனாய். இரண்டுக்காகவும்தான் அழுதேன். அத்தனை மாதங்கள் பாடுபட்ட ஒன்று நடந்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு துளி வருத்தம் இல்லை.

பிறகு நடந்தது கதைகளில் நடப்பதுபோல உடனே நடக்கவில்லை. தலைமை அலுவலகம் பல மாதம் பதில் சொல்லாமல் இழுத்தது. மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கடைசியில், பெரிய அளவில் செய்து வைக்கலாம், பிரிவை மூட வேண்டாம் என்று முடிவானது. பெரிய கலன் இன்னும் இருக்கிறது, தட்டுகளுக்குள் ஓடாத கெட்டியான சரக்குக்கு அதுதான் வேண்டும். குளிரூட்டும் இயந்திரத்தின் சத்தம் நின்ற முதல் வாரம் எங்களுக்கு ஒருவரோடு ஒருவர் கத்திப் பேசுகிற பழக்கம் போகவில்லை. எரிவாயு மீட்டர் பழுதாகிவிட்டதோ என்று பார்க்க ஒரு ஆள் வந்து, எங்களிடம் விளக்கம் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நான் போன வருடம் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். கேன்டீனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவரவர் வேளை வந்தபோது ஓய்வு பெற்றோம். எங்கள் பிள்ளைகள் படித்து முடித்தார்கள். நீ உட்பட.

ஆகவே கதிர், உன் பிற்பகல்கள் எங்கே போயின என்று யாராவது கேட்டால், அவை ஒரு தொழிற்சாலைக்குள் போயின என்று சொல். ஒவ்வொரு நாளும் எரியாமல் போன எரிவாயுவில் நீ இருக்கிறாய். கோப்பையோ பதக்கமோ அதற்குக் கிடைக்கவில்லை. அதைச் செய்தவர்கள் பெயர்ப் பட்டியலில் உன் பெயர் இல்லை. அதனால்தான் நான் எழுதித் தருகிறேன். நன்றி, ஐயா. வீட்டில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத சொல் அது. எழுதும்போது சுலபமாக வருகிறது.

கல்யாணத்தைப் பற்றி ஒரு தாய் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். கணவன் மனைவியைத் தட்டுகளோடும் தண்ணீரோடும் ஒப்பிட்டு எதுவும் எழுதிவிடாதே என்று அப்பா முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். சரி, எழுதவில்லை. நடந்ததை வைத்து இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். மீரா என்றைக்காவது, எனக்கு அது சலித்துவிட்டது என்று சொல்லி, அவளுக்குப் பிடித்த எதையாவது உனக்காக விட்டாள் என்றால், இரண்டாம் தடவை கேள். தினமும் பக்கத்து நாட்டிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வந்து போகிற பெண், களைப்பைச் சொல்ல மாட்டாள். உன்னை மாதிரியே. நீயும் எதையாவது விட்டால் அவளிடம் வாய் திறந்து சொல்லிவிடு. கணக்கு வைப்பதற்காக அல்ல, அவளும் உனக்கு நன்றி சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டாமா? எங்களுக்கு அந்த வாய்ப்பு இத்தனை வருடம் கழித்து, அதுவும் வளையல் கடை வாசலில்தான் கிடைத்தது.

இன்னொன்று. அன்று நீ தொலைபேசியில், எனக்குப் பயமாக இருக்கிறது, வாங்க என்று சொன்னாய். உதவி செய்ய உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கேட்பதுதான் உனக்குக் கஷ்டம். அன்று கேட்டாய். அம்மா முக்கியமான வேலையில் இருப்பாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நீயே சமாளித்திருந்தால், நான் அந்தச் சூடான குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், நீ தனியாக அந்தப் பையை அணைத்துக்கொண்டு நின்றிருப்பாய். நீ எனக்குச் செய்தவற்றில் எது பெரியது என்று கேட்டால், பிற்பகல்களைவிட அந்த அழைப்பைத்தான் சொல்வேன். உட்லண்ட்ஸில் நீங்கள் குடியேறப்போகிற வீட்டில் உன் பக்கத்தில் இருக்கப்போகிறவளையும் அப்படி அழைக்கப் பழகிக்கொள்.

கடைசியாக ஒரு செய்தி, அப்பா எழுதச் சொன்னது. கல்யாணத்துக்குப் பிறகும் சனிக்கிழமை காலை உட்லண்ட்ஸிலிருந்து வந்து அவரைச் சுத்திகரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக நீ சொன்னாய் அல்லவா? இந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் தனியாகக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “லிஃப்ட் இருக்கு, பஸ் இருக்கு, உட்கார இடம் தர்ற பசங்க இருக்காங்க. என் பிள்ளைய கொஞ்சம் விடு,” என்றார். பஸ் வரும்வரை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் தாதி எனக்குத் தகவல் அனுப்பினார். மாலையில் திரும்பி வந்தபோது களைத்திருந்தார், ஆனால் கையில் ஒரு பொட்டலம் மலாய்ப் பலகாரம் இருந்தது. தனக்குக் கொஞ்சம், எனக்கு மீதி. வியாழக்கிழமையும் போய்வந்துவிட்டார். அவருக்கு முடியாத நாளில் நான் இருக்கிறேன். எங்கள் இருவராலும் முடியாத நாளில் உன்னை அழைப்போம், நீ அன்று அழைத்ததுபோலவே தயங்காமல் அழைப்போம்.

ஆகவே சனிக்கிழமைகளில் நீ இங்கே வரக் கூடாது. மீராவோடு எங்கேயாவது போ, அல்லது எங்கேயும் போகாமல் தூங்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். அப்பாவுக்காக உப்புக் குறைத்துத்தான் சமைப்பேன் என்று மீராவிடம் முதலிலேயே சொல்லி வை. எதுவும் வாங்கி வர வேண்டாம். வெறுங்கையோடு வந்து உட்காருங்கள், நாங்கள் பரிமாறுகிறோம்.

அம்மா